யாழ்ப்பாணத்தின் மேடையும் அதன் திறவுகோலும்

கனடாவில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தந்தையார் அக்காலத்தில் இசை நாடகங்களில் பின்பாட்டுப் பாடியவர். அவரது நினைவாக, கனடாவிலேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளைக் கொண்டு மயான காண்டத்தின் ஒரு பகுதியையாவது யாழ்ப்பாணத்தில் மேடையேற்றிப் பார்க்க வேண்டும் என்பது நண்பருடைய ஆசை. எந்த மண்டபம் வசதியாக இருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நாலைந்து மண்டபங்களின் பெயர்களைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதில்லை ஐசே, இதிலை எங்கடை மண்டபம் எது?" என்றார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். கேள்வி கேட்பதே என் தொழில். பதில் சொல்வதில் அவ்வளவு பயிற்சி இல்லை. அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. ஒரு நகரத்தின் பொது அரங்கைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை எவரும் கேட்டுவிட முடியாது என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்தை அறிந்த வாசகர்கள் கோட்டைக்கு எதிரே கிடக்கும் முற்றவெளியை ஒருகணம் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே நின்று சுற்றிவரப் பார்த்தால் பொது நூலகம், துரையப்பா விளையாட்டரங்கு, சுப்பிரமணியம் பூங்கா, புல்லுக்குளம், வீரசிங்கம் மண்டபம், இந்திய உதவியுடன் எழுந்துள்ள பண்பாட்டு மையம் ஆகிய யாவும் சில நிமிட நடைதூரத்துக்குள் இருப்பதைக் காணலாம். போருக்கு முன்னைய நகர மண்டபமும், மாநகர சபையின் திறந்தவெளி அரங்கும் இந்த வட்டாரத்திலேயே இருந்தன. யாழ்ப்பாணத்தின் கலை வரலாற்றில் பாதியை இந்தச் சிறிய நிலப்பரப்புக்குள் அடக்கிவிடலாம். அரசியல் வரலாற்றிலும் ஒரு பெரும் பகுதி இங்கேதான் நடந்தேறியது என்பது தற்செயலானதன்று.

நமது முன்னோருக்கு மண்டபம் தேவைப்படவில்லை. கூத்து கோயில் வீதியிலும் அறுவடை முடிந்த வயல்வெளியிலும் ஆடப்பட்டது. குருநகர், பாஷையூர், நாவாந்துறை போன்ற கரையோரக் கிராமங்களில் கத்தோலிக்க மக்கள் தென்மோடிக் கூத்தை வளர்த்தனர். வட்டுக்கோட்டைப் பகுதியில் வடமோடி நிலைத்தது. அண்ணாவியார் மாதக்கணக்காகப் பழக்குவார். ஊர் செலவைப் பொறுக்கும். விடியும்வரை ஆட்டம் நடக்கும். அந்த அரங்குக்குக் கதவு இல்லை, ரிக்கற்றும் இல்லை. ஆனால் இதை நினைத்து நாம் அளவுக்கு மீறி உருகிவிடக் கூடாது. கதவு இல்லாத இடத்தில் எல்லோருக்கும் சரியாசனம் கிடைத்தது என்று எண்ணினால் அது வரலாறாகாது. யார் எந்த வேடம் கட்டலாம், யார் எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கலாம் என்பதையெல்லாம் அந்நாளில் சாதி தீர்மானித்தது. இந்தியாவில் இருந்து வந்த நாடகக் குழுக்களின் தகரக் கொட்டகை இதில் ஓர் உடைப்பை ஏற்படுத்தியது எனலாம். அங்கே காசு கொடுத்து ரிக்கற் வாங்கியவன் கதிரையில் இருந்தான். வகுப்பு, பணத்தின் பேரில் பிரிந்ததே தவிரப் பிறப்பின் பேரில் அல்ல. கொள்கை அளவில் இது ஒரு பெரிய மாற்றம். நடைமுறையில் அதற்குப் பல காலம் சென்றது.

அடுத்து வந்தவை சபாக்கள். 1911 ஆம் ஆண்டு பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையார் கொழும்புக்கு வந்து நாடகங்களை நடித்துக் காட்டினர். அவற்றைப் பார்த்து அப்படியே மயங்கியவர்களுள் ஒருவர் கலையரசு க. சொர்ணலிங்கம். 'கூத்தாடி' என்ற சொல் வசைச்சொல்லாக இருந்த காலத்தில், படித்தவர்களும் உத்தியோகத்தர்களும் வேடம் கட்டலாம் என்பதை நிலைநாட்டியவர் அவர். 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற அவரது நூலைப் படிக்காமல் இந்நாட்டுத் தமிழ் நாடகத்தைப் பற்றி எவரும் பேச முற்படக் கூடாது என்பது எனது தாழ்மையான கருத்து. 1889 இல் பிறந்து 1982 வரை வாழ்ந்த அவர், தமது வாழ்நாளிலேயே ஒரு கலையின் மதிப்பு மாறுவதைக் கண்டவர்.

சபாக்களின் நாடகத்தைப் படித்தவர்கள் பார்த்தனர். ஊர் முழுவதும் திரண்டு பார்த்தது நடிகமணி வி. வி. வைரமுத்துவின் நாடகத்தைத்தான். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் 'அரிச்சந்திர மயான காண்டம்' எந்த ஊரில் நடந்தாலும் சைக்கிள்களும் மாட்டு வண்டிகளும் அந்த ஊரை நோக்கியே சென்றன. பார்த்தவர்களே மறுபடியும் பார்த்தார்கள். கதை தெரியாமல் பார்த்தவர் எவரும் இல்லை. அந்தக் குரலைக் கேட்கவே போனார்கள்.

காங்கேசன்துறைக்கு அயலூர் தெல்லிப்பழை. அந்த ஊரவரான பேராசிரியர் சு. வித்தியானந்தன் வைரமுத்து பிறந்த அதே 1924 இல் பிறந்தவர். இருவரும் மறைந்ததும் ஒரே ஆண்டில், 1989 இல். ஒருவர் கொட்டகையில் வளர்ந்தவர், மற்றவர் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தவர். ஆயினும் அவர்கள் செய்த வேலை ஒன்றே என்று சொல்லத் தோன்றுகிறது. பேராதனையில் சரச்சந்திர 1956 இல் 'மனமே' நாடகத்தைத் தந்து சிங்கள அரங்கைத் திருப்பிவிட்டார். அவர் எடுத்தாண்ட நாடகம வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்தில் இருப்பதை அறிந்த வித்தியானந்தன், நமது கூத்துக்கு நாம் என்ன செய்தோம் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். 1962 இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்', 'வாலிவதை' என்று விடிய விடிய ஆடிய கூத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி, நகரத்தின் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். சுருக்கியதில் இழந்தவை உண்டு. பழைய அண்ணாவிமார் சிலர் இதை ஏற்கவில்லை. எனினும் கூத்தை நாகரிகக் குறைவாக எண்ணிய ஒரு தலைமுறை அதைப் பார்க்கக் கதிரை தேடி ஓடியது என்பதையும் மறுக்க முடியாது.

கூத்து நகரத்துக்கு வந்துவிட்டால் நகரத்துக்கு ஓர் அரங்கு வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு அந்த அரங்கைத் தந்தது அரசாங்கமல்ல, செல்வந்தரும் அல்லர். கூட்டுறவாளர்கள் தந்தார்கள். இதை நமது இளைய தலைமுறையினர் அறிந்திருப்பார்களோ தெரியாது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும், 1952 முதல் 1956 வரை வட்டுக்கோட்டைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர் வி. வீரசிங்கம். வட பகுதிக் கூட்டுறவு இயக்கத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். மூளாயில் 1936 இல் ஒரு கூட்டுறவு ஆஸ்பத்திரியையே உருவாக்கிக் காட்டிய இயக்கம் அது. புகையிலைத் தோட்டக்காரரும் கள்ளிறக்கும் தொழிலாளியும் மீனவரும் சதம் சதமாகப் பங்குப்பணம் கட்டிய சங்கங்களின் பலத்தில், அந்த மனிதரின் பெயரால் எழுந்தது வீரசிங்கம் மண்டபம். பண்டைய அரசரின் பெயரோ, வெள்ளைக்காரத் தேசாதிபதியின் பெயரோ, கோயில் தெய்வத்தின் பெயரோ அல்ல. ஒரு பள்ளிக்கூட அதிபரின் பெயர். உரிய வாடகையைக் கட்டினால் திறப்பைத் தருவார்கள். இந்த எளிய ஏற்பாட்டின் அருமை 1974 ஆம் ஆண்டு தை மாதத்தில் எல்லோருக்கும் விளங்கியது.

தனிநாயகம் அடிகளார் முன்னின்று தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966 இல் கோலாலம்பூரிலும் 1968 இல் சென்னையிலும் 1970 இல் பாரிசிலும் நடந்து முடிந்து, நான்காவது தடவையாக அடிகளாரின் தாயகமான இலங்கைக்கு வந்தது. கொழும்பில் நடத்துமாறு அன்றைய அரசாங்கம் விரும்பியது. யாழ்ப்பாணத்தில்தான் நடத்துவது என்று அமைப்புக் குழு முடிவு செய்தது. அக்குழுவின் தலைவர் வேறு யாருமல்லர், கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த அதே வித்தியானந்தன் அவர்கள். ஜனவரி 3 ஆம் திகதி தொடங்கிய மாநாட்டின் ஆய்வரங்குகள் வீரசிங்கம் மண்டபத்தில் நடந்தன. வீதியெங்கும் தோரணங்கள், கிராமங்களில் இருந்து அலங்கார ஊர்திகள். ஆராய்ச்சி மாநாடு மக்கள் விழாவாக மாறிவிட்டது.

ஜனவரி 10 ஆம் திகதி மாலை நடந்த இறுதிப் பொதுக்கூட்டத்துக்கு மண்டபம் கொள்ளாத மக்கள் வந்துவிட்டார்கள். அவ்வளவு பேரை ஏற்கத் தக்க இடம் அருகிலேயே இருந்தது. அதுதான் மாநகர சபையின் திறந்தவெளி அரங்கு. அது பூட்டப்பட்டிருந்தது. மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா அனுமதி தர மறுத்தார் என்பது ஒரு சாராரின் கூற்று. அனுமதி கேட்பதற்கு அவரை அன்று எங்கும் காண முடியவில்லை என்பது இன்னொரு சாராரின் கூற்று. எப்படியோ கதவு திறக்கவில்லை. ஏற்பாட்டாளர்கள் வேறு வழியின்றி வீரசிங்கம் மண்டபத்தின் முன்னால் மேடை அமைத்தார்கள். மக்கள் வீதியிலும் புற்றரையிலும் அமர்ந்தார்கள். தமிழகத்தில் இருந்து வந்திருந்த பேராசிரியர் நைனா முகம்மது பேசிக்கொண்டிருந்தபோது பொலிஸார் வந்தனர். குண்டாந்தடி, கண்ணீர்ப்புகை, ஆகாயத்தை நோக்கிய துப்பாக்கிச் சூடு. மின்கம்பி அறுந்து சனத்தின் மேல் விழுந்தது. இறந்தவர்கள் 9 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 11 என்று கொள்வோரும் உளர். அவர்களுள் பெரும்பாலானோரைக் கொன்றது அந்த மின்சாரமே.

நான் அன்று அங்கு இருக்கவில்லை. தொழிலுக்கு வந்த பின்னர், அன்று அங்கிருந்த பலரிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் முதலில் நினைவுகூர்ந்தது துப்பாக்கியை அல்ல. காலில் கழன்று போன செருப்புகளையும், மறுநாள் காலையில் அவை அந்த வெளியெங்கும் கிடந்ததையும்தான் சொன்னார்கள். அரசாங்கம் விசாரணை நடத்தவில்லை. குடிமக்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், இளைப்பாறிய உயர் நீதிமன்ற நீதியரசர்களான ஓ. எல். டி கிறெற்சர், வி. மாணிக்கவாசகர் ஆகியோரும் பேராயர் சபாபதி குலேந்திரன் அவர்களும் சாட்சியங்களைக் கேட்டனர். பொலிஸாரின் நடவடிக்கையே காரணம் என்று அவர்கள் அறிக்கை தந்தனர். அந்த அறிக்கையை முன்வைத்து எவரும் தண்டிக்கப்படவில்லை.

பின்னர் நடந்ததை எல்லோரும் அறிவர். 1975 ஜூலை 27 ஆம் திகதி பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சென்ற துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பூட்டிய அரங்கும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஒரு விடயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், சிலருக்குப் பிடிக்காவிட்டாலும். 1959 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திறந்து வைத்தபோது மாநகர முதல்வராக இருந்தவரும் இதே துரையப்பாதான். சாதாரண மக்கள் வீட்டுப் படலைவரை சென்று பேசக் கூடியவர் என்று அவரை அறிந்தோர் சொல்வார்கள். ஒரு கதவைத் திறந்ததையும் ஒரு கதவு திறக்காமல் விடப்பட்டதையும் ஒரே மனிதரின் கணக்கில்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவரைக் கொன்றதனால் இரண்டு கதவுகளில் எதுவும் நமக்கு மீளவில்லை. நூலகம் 1981 ஜூன் முதல் நாளின் இரவில் 97,000 நூல்களுடன் எரிந்தது.

எழுபதுகளின் பிற்பகுதி நாடகத்துக்கு நல்ல காலம். குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். மஹாகவியின் 'கோடை', 'புதியதொரு வீடு', மௌனகுருவின் 'சங்காரம்', தாசீசியஸின் 'பொறுத்தது போதும்' என்று கல்லூரியினர் அடுத்தடுத்து மேடையேற்றினர். சிறுவர்களுக்கென்று 'கூடி விளையாடு பாப்பா' வந்தது. பாடசாலை ஆசிரியர், எழுதுவினைஞர், மாணவர் என்று பகலில் ஒரு வேலை செய்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்த மனிதர்கள் அவர்கள்.

நான் இளம் நிருபனாக இருந்தபோது என்னை அடிக்கடி நாடகம் பார்க்க அனுப்புவார்கள். அரசியல் கூட்டத்துக்கு மூத்தவர்கள் போவார்கள். நாடகம் சின்னப் பொடியனுக்கு. அச்சுக்குப் போகும் நேரத்துக்கு முன்னர் செய்தியைக் கொடுக்க வேண்டும் என்பதால், கடைசிக் காட்சிக்கு முன்னரே எழும்பிச் சைக்கிளில் ஓடிவிடுவேன். ஒருமுறை, நிகழ்ச்சிக் குறிப்பைப் பார்த்து, 'இறுதிக் காட்சி சபையோரைக் கண்ணீர் விட வைத்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாட் காலை இயக்குநர் கந்தோருக்கே வந்துவிட்டார். நான் வெளியேறிச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றுவிட்டதாம். இறுதிக் காட்சி நடக்கவே இல்லையாம். "தம்பி, நடந்திருந்தால் அழுதுதான் இருப்பார்கள்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு, திரை விழுமுன் நான் எழுந்ததில்லை.

எண்பதுகளில் கோட்டையைச் சுற்றிய பகுதி போர்முனையாகியது. நகரத்தின் நடுவே நாடகம் பார்க்கப் போவது என்ற பழக்கமே அற்றுப்போயிற்று. அரங்கு இடம்பெயர்ந்தது, மக்களுக்கு முன்னரே அது இடம்பெயர்ந்துவிட்டது. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கில் 1985 இல் சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் அரங்கேறி, பின்னர் கிராமம் கிராமமாகச் சென்றது. மேடைக்கு மக்கள் வர முடியாவிட்டால் மக்களிடம் மேடை போக வேண்டும் என்ற பழைய கூத்தின் வழி அது. 1990 முதல் 1995 வரை குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அந்த இருட்டிலும் நாடகம் நின்றுவிடவில்லை. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் பெற்றோரைப் பற்றிய 'எந்தையும் தாயும்' அக்காலத்தில் எழுதப்பட்டதே. பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் போனதை நான் கண்டிருக்கிறேன்.

அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது வீரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. மேடையின் திறவுகோல் அப்போது வேறு கைகளில் இருந்தது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற எல்லையை எவரும் எழுத்தில் தரவில்லை; எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றவரும் கவிஞருமான செல்வி 1991 ஓகஸ்ட் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். அப்போது அவர் ஒரு நாடகத்தில் நடிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பலஸ்தீன எழுச்சியில் பெண்களின் பங்கு பற்றிய நாடகம் அது. மறு ஆண்டு சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் அவருக்கு விருது வழங்கியது. அதைப் பெற அவர் வரவில்லை. எங்கும் திரும்பி வரவில்லை. 1974 இல் ஒரு கதவு பூட்டியதைப் பற்றி ஆண்டுதோறும் பேசும் நாம், இந்தப் பெண்ணைப் பற்றிப் பேசத் தயங்கினோம். பத்திரிகைக்காரர்களும் தயங்கினோம். அதில் நானும் அடக்கம்.

போர் முடிந்த பின்னர் கட்டடங்கள் வந்தன. 2015 மார்ச்சில் யாழ்ப்பாணம் வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, நூலகத்தை அடுத்த காணியில் பண்பாட்டு மையத்துக்கு அடிக்கல் நாட்டினார். 600 பேர் இருக்கத் தக்க அரங்கு, இரண்டு மாடி அருங்காட்சியகம், 11 மாடி கொண்ட கற்றல் கோபுரம், திறந்தவெளி அரங்காகவும் பயன்படக் கூடிய முற்றம் எனச் சகல வசதிகளும் கொண்டது அது. செலவு 1 கோடி அமெரிக்க டொலருக்கும் மேல். முழுவதும் இந்திய அரசின் நன்கொடை. 2022 மார்ச்சில் இணையவழியாக ஒருமுறை திறந்தார்கள். 2023 பெப்ரவரி 11 ஆம் திகதி நேரில் வந்து மக்களிடம் கையளித்தார்கள். இடையில் ஏறத்தாழ ஓராண்டு. அந்த இடைவெளியில் ஊர் பேசிக்கொண்ட விடயம் கலையைப் பற்றியதல்ல. இவ்வளவு பெரிய கட்டடத்தின் மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் வரிப்பணத்தில் சீவிக்கும் ஒரு மாநகர சபையால் தாங்க முடியுமா, முடியாவிட்டால் நிர்வாகம் கொழும்புக்குப் போய்விடுமா என்பதே அந்தப் பேச்சு. கட்டித் தருபவருக்கு நன்றி சொல்லலாம். கட்டிய பின் மின்குமிழ் மாற்றுபவர் யார் என்பதில்தான் ஓர் அரங்கின் உரிமை இருக்கிறது.

மையத்துக்குள் நான் இருமுறை போயிருக்கிறேன். ஒலியமைப்பு சிறப்பு, குளிரூட்டிய காற்று, கதிரைகள் வசதியானவை. வைரமுத்துவைக் கேட்ட காதுக்கு, ஒலிவாங்கி வைத்துப் பாடுவது சற்று மெலிவாகத்தான் கேட்கிறது. அது கட்டடத்தின் குற்றமல்ல.

2025 ஜனவரி 18 ஆம் திகதி, அந்த மையத்துக்குத் 'திருவள்ளுவர் கலாசார மையம்' என்று பெயர் மாற்றினார்கள். வள்ளுவர் பெயரை எந்தத் தமிழன் வேண்டாம் என்பான்? ஆனாலும் யாழ்ப்பாணத்தில் எதிர்ப்பு எழுந்தது. பெயரில் இருந்து 'யாழ்ப்பாணம்' என்ற சொல் போய்விட்டதே என்று மக்கள் கேட்டார்கள். எங்களைக் கேட்டா வைத்தீர்கள் என்ற இன்னொரு கேள்வியும் அதனுள் இருந்தது. சில நாட்களில் 'யாழ்ப்பாணம் திருவள்ளுவர் கலாசார மையம்' என்று திருத்திக்கொண்டார்கள். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு இது வீண் சண்டையாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் எழுத்தும் வெட்டப்படாமல், ஒருவர் மண்டையும் உடையாமல், கேட்டு வாங்கிய திருத்தம் அது. இந்த ஊரின் அண்மைக்கால வரலாற்றில் அப்படி நடந்தவை அதிகம் இல்லை.

அதே வாரத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் தமது 93 ஆவது வயதில் காலமானார். பெயர்ப்பலகை பற்றிய பரபரப்பில் அந்தச் செய்திக்குக் கிடைத்த இடம் போதாது என்பது என் மனக்குறை. இந்த நகரத்தின் அரங்குக்கு ஒரு பெயர் சூட்டுவதென்றால் என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் அவர் அதை ஒருபோதும் சம்மதித்திருக்க மாட்டார்.

முற்றவெளியில் இன்னும் கூட்டம் கூடுகிறது. 2024 பெப்ரவரி 9 ஆம் திகதி அங்கே தென்னிந்தியப் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தபோது, காசு கொடுத்தோர் பகுதிக்கும் இலவசப் பகுதிக்கும் இடையில் இருந்த தடுப்புகளை உடைத்துக்கொண்டு சனம் பாய்ந்தது. யாழ்ப்பாணத்தின் பண்பாடு எங்கே போயிற்று என்று சமூக ஊடகங்களில் பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதே வெளியில், 50 ஆண்டுகளும் ஒரு மாதமும் முன்னர், பல்லாயிரம் பேர் புற்றரையில் அமைதியாக அமர்ந்து ஒரு பேராசிரியரின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நண்பருக்கு ஒருவாறு பதில் சொல்லிவிட்டேன். புதிய மையத்தில் வெளிச்சமும் ஒலியும் நன்றாக இருக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் பிடிக்கும். கேட்டது அதுவல்ல, 'எங்கடை' எது என்பதுதான் கேள்வியென்றால், கூட்டுறவுக்காரரிடம் வாடகையைக் கட்டிவிட்டுத் திறப்பை வாங்கலாம் என்றேன். அவர் தயங்கவில்லை. மார்கழி விடுமுறைக்கு வந்து தையில் நாடகம் போடுவதாகச் சொன்னார். ஜனவரி 10 ஆம் திகதியை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன். அன்று மண்டபத்துக்கு முன்னால் உள்ள நினைவுத் தூபியில் விளக்கேற்ற ஆட்கள் வருவார்கள்.

ஞாயிறு தோறும் ரொறன்ரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் ஒத்திகை நடக்கிறதாம். சந்திரமதியாக நடிக்கும் பெண்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது. பாட்டுகளை ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்குகிறாளாம். இனி ஆர்மோனியக்காரர் ஒருவர்தான் வேண்டும். அச்சுவேலிப் பக்கம் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.